அடுப்புக்கு முதல் பங்கு

நான் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டேன் என்கிற செய்தி எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குழாயடியில் என் குடத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு மதினி கேட்டாள்: "நீ ஞாயித்துக்கிழமை எந்தச் சபைக்குப் போற? சூரியநெல்லிக்கா, பூப்பாறைக்கா?" எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தது உண்மை. விடியற்காலையில் லயத்துக்குப் பின்னால் நின்று, இரண்டு கைகளையும் வானத்தை நோக்கித் தூக்கி, யாருக்கும் புரியாத பாஷையில் நான் பேசிக்கொண்டிருந்ததும் உண்மை. அதற்கு அவள் போட்டுக்கொண்ட அர்த்தம் மட்டும்தான் தப்பு. சரியான அர்த்தத்தைக் குழாயடியில் வைத்து எப்படிச் சொல்வது? "இல்ல மதினி, நான் கிரேக்க தேசத்துச் சாமிகளைக் கும்பிடுறேன்" என்றா? அதற்குச் சபையே தேவலாம். "ஒரு சபைக்கும் போகல, குடத்தை எடுங்க" என்று சொல்லித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதெல்லாம் ஒரு பழைய புத்தகத்தில் தொடங்கியது. சின்னக்கானல் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்வது என் வேலை. விருந்தாளிகள் கிளம்பிப் போகும்போது கட்டிலுக்கு அடியில் எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். சார்ஜர், ஒற்றைச் சாக்ஸ், பாதி ஷாம்பு. எல்லாவற்றையும் ஆபீஸ் அலமாரியில் மூன்று மாதம் வைத்திருப்போம். யாரும் கேட்டு வராவிட்டால் கண்டெடுத்தவர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அப்படி எனக்கு வந்தது அந்த இங்கிலீஷ் புத்தகம். அட்டை போயிருந்தது. மழையில் நனைந்து காய்ந்து உப்பியிருந்தது. மற்றவர்களுக்கு வாசனை சோப்பும் குடையும் கிடைக்கும்போது எனக்கு இதுதானா என்று எரிச்சலோடுதான் பைக்குள் போட்டேன்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். புரியாத வரிக்கு நேராகப் போன் கேமராவைக் காட்டினால் தமிழில் வரும். அந்தத் தமிழ் கல்லும் உமியும் கலந்த ரேஷன் அரிசி மாதிரி இருக்கும், பொறுக்கி எடுத்தால் சோறு ஆகும். பழைய கிரேக்கச் சாமிகளை இந்தக் காலத்தில் வீட்டில் வைத்துக் கும்பிடுகிறவர்களுக்காக எழுதிய புத்தகம் அது. எத்தனையோ நூறு வருஷம் கும்பிட ஆளில்லாமல் கிடந்த சாமிகளாம். இப்போது அங்கங்கே வீடுகளில் மறுபடி தீ ஏற்றுகிறார்களாம். இடி போடுகிற சாமி, கடல் சாமி, வழிப்போக்கருக்கு ஒரு சாமி என்று கதை படிக்கிற மாதிரி போய்க்கொண்டிருந்தவள், ஹெஸ்டியா என்கிற பெயர் வந்த பக்கத்தில் நின்றுவிட்டேன்.

ஹெஸ்டியா அடுப்புச் சாமி. பெற்ற பிள்ளைகளையெல்லாம் விழுங்கிவிடுகிற ஒரு அப்பனுக்கு மூத்தவளாகப் பிறந்தாள். முதலில் விழுங்கப்பட்டவளும் அவள்தான். பிறகு கடைசித் தம்பி வந்து அப்பனைக் கக்க வைத்தபோது, முதலில் உள்ளே போனவள் கடைசியாக வெளியே வந்தாள். அதனால் மூத்தவளும் அவளே, கடைக்குட்டியும் அவளே. எந்தச் சாமிக்குப் படைத்தாலும் முதல் பங்கும் கடைசிப் பங்கும் அவளுக்கு. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டவள். மற்ற சாமிகளுக்கு இருக்கிற மாதிரி சண்டைக் கதையோ ஊர் ஊராகச் சிலையோ அவளுக்குக் கிடையாது. எரிகிற தீயே அவள்.

படித்துவிட்டு என் அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். இருபது வருஷத்தில் அந்த அடுப்பை நான் வையாத நாள் இல்லை. எங்கள் பக்கம் பாதி வருஷம் மழை, மீதி வருஷம் மூடுபனி. விறகு காய்வதே அபூர்வம். கேஸ் இருக்கிறது, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகுதான். ஊதி ஊதிக் கண் சிவந்து, "சனியனே, பத்தித் தொலை" என்றுதான் என் பொழுது விடியும். அந்தச் சனியனைத்தான் உலகத்தில் ஒரு ஜனம் எல்லாச் சாமிக்கும் முந்தி வைத்துக் கும்பிட்டிருக்கிறது. அன்றைக்குத் தணலைச் சாம்பல் போட்டு மூடும்போது கை மெதுவாகத்தான் போனது.

கும்பிட ஆசை வந்துவிட்டது. உரிமை உண்டா என்பதுதான் தெரியவில்லை. அந்தச் சாமிகள் கடலும் ஆலிவ் மரமும் உள்ள ஊர்க்காரர்கள். நான் கடலையே மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். பூசாரி இல்லை, கோயில் இல்லை, பாஷை தெரியாது. இப்படிக் கும்பிடுகிறவர்கள் கூடிப் பேசுகிற ஒரு குழு போனில் இருந்தது. நான் இன்ன ஊர், தேயிலைத் தோட்டத்துக்காரி, எனக்கு இதில் இடம் உண்டா என்று தப்புத் தப்பான இங்கிலீஷில் கேட்டேன். எங்கேயோ இருக்கிற ஒரு பெண் ஒரே வரி பதில் போட்டாள்: உன் வீட்டில் தீ இருக்கிறதா?

இருக்கிறது என்று போட்டேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சாமான் சேர்க்க ஒரு மாதம் ஆனது. பார்லி வாங்க மூணாறு மளிகைக் கடைக்குப் போனால் "யாருக்கு நீர்க்கடுப்பு?" என்று கடைக்காரர் கேட்கிறார். ஆலிவ் எண்ணெய் மருந்துக்கடையில் சின்னப் புட்டியில் கிடைத்தது. வீட்டில் கைக்குழந்தையா என்று அங்கே ஒரு விசாரணை. புத்தகத்தில் சொல்கிற லாரல் இலைக்குப் பதில் பிரியாணி இலை. எங்கள் ஆட்கள் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள். மேல் லயத்து வேதக்கார அக்கா போன கிறிஸ்துமஸுக்குப் போட்ட திராட்சை ஒயினில் மிச்சம் ஒரு புட்டி கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை, புண்ணியவதி.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் தேயிலை ஃபாக்டரியில், தூள் காய வைக்கிற பெரிய அடுப்புக்கு விறகு போடுகிறவர். ஐந்து மணிக்கே ஷிப்டுக்குப் போய்விட்டார். மகள் தேனியில் ஹாஸ்டலில் இருக்கிறாள். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் கதவைத் திறக்கும் முன்னால், ஜன்னல் வழியாக டார்ச் அடித்து யானை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். தண்ணீர் கொண்டுவந்து, புத்தகத்தில் சொன்னபடி உப்புப் போட்டு, ஒரு பிரியாணி இலையைக் கொளுத்தி அதில் முக்கினேன். சுர்ரென்றது. அந்தத் தண்ணீரில் கையும் முகமும் கழுவி, வீட்டிலும் தெளித்தேன். அடுப்பு முன்னால் ஒரு பிடி பார்லியைப் போட்டேன். குச்சியைக் கிழித்தேன்.

ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது. விறகு முதல் நாளே அடுப்பு மேட்டில் காய்ந்திருந்தது, அதனால்தான். "முதல் பங்கு உனக்கு" என்று தமிழிலேயே சொல்லி ஒரு கரண்டி நெய்யை விட்டேன். தீ எழுந்து நின்றது. நெய் விட்டால் எந்தத் தீயும் எழும்பும், அது எனக்குத் தெரியாதா? ஆனால் இருபது வருஷமாக என் எதிரில் குனிந்து உட்கார்ந்திருந்த ஒருத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தலையைத் தூக்கிப் பார்த்த மாதிரி இருந்தது. நான் பின்னால் நகர்ந்து சுவரில் முதுகு இடித்து நின்றேன். கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தமும் விறகு வெடிக்கிற சத்தமும்தான். இவ்வளவு பெரியவள் இவ்வளவு சின்ன இடத்தில் இருந்துகொண்டு, என் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறாளே என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

அன்றைக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது, டீக்கடை அடுப்பைப் பார்த்தேன். அங்கேயும் அவள். ரிசார்ட் சமையலறையில் வரிசையாக எரிகிற எட்டு பர்னரிலும் அவள். ஃபாக்டரிப் புகைபோக்கியைப் பார்த்தால் அதன் அடியிலும் அவள்தான், அவளுக்கு என் வீட்டுக்காரர் விறகு தள்ளிக்கொண்டிருக்கிறார். ஊர் அதே ஊர். எனக்கு மட்டும் ஒவ்வொரு சந்திலும் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன்.

இரண்டு மாதம் அடுப்போடுதான். பிறகு மேலே இருக்கிறவர்களையும் கூப்பிடத் துணிச்சல் வந்தது. எங்கள் லயத்துக்குப் பின்னால் தேயிலைச் சரிவு போடி மலைப் பக்கமாகக் கிழக்கே இறங்கும். சூரியன் அங்கிருந்துதான் ஏறி வருவான். மேல் லோகத்துச் சாமிகளுக்கு மண்டி போடக் கூடாது, நிமிர்ந்து நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் வானத்துக்குக் காட்ட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. சொல்வது சுலபம். பிறந்ததிலிருந்து கும்பிட்டுப் பழகிய கை, தூக்கத் தூக்கத் தானாகச் சேர்ந்துகொண்டது. பிரித்து வைக்க ஒரு வாரம் ஆனது. பாலில் தேன் கலந்து எவர்சில்வர் டம்ளரில் கொண்டுபோய், பாதியை மண்ணில் ஊற்றிவிட்டு மீதியைக் குடிக்க வேண்டும். சாமிக்கு ஊற்றின டம்ளரில் வாய் வைப்பதா? அண்ணாந்துதான் குடித்தேன். குளிரில் பாதி மூக்கில் போகும். கிரேக்கச் சாமிக்கு ஊற்றிவிட்டு இப்படிக் குடித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தை மாதத்தில் ஒரு நாள் உறைபனி விழுந்து, தேயிலை மேலும் புல் மேலும் உப்புத் தூவின மாதிரி இருந்தது. கை விரல் மரத்துப்போய்விட்டது. போனைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த இரண்டு கிரேக்க வரியைச் சொன்னேன். சொல்லி முடிக்கவும் மலைக்கு மேலே சூரியன் வந்தான். முதல் வெளிச்சம் நேராக என் உள்ளங்கையில்தான் விழுந்தது. ஒரு நொடிக்குப் பிறகுதான் சரிவு பூராவும் வெள்ளையாகத் தீப்பிடித்தது. உள்ளங்கையில் சூடு இறங்கியதை இப்போதும் என்னால் உணர முடிகிறது. கும்பிடும்போது கை மூடியிருக்கும். திறந்து காட்டினால்தான் யாராவது வைக்க முடியும் என்று அன்றைக்குப் புரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. அன்று ஷிப்டுக்குப் பிந்திப் போய் சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினேன்.

மதினி என்னைப் பார்த்ததும் அந்த நாட்களில்தான். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் லயத்தில் மூன்று வகை வீடுகள். கை குவித்தால் கோயில் வீடு. சிலுவை போட்டால் பழைய வேதக்காரர். கையைத் தூக்கிக்கொண்டு அந்நிய பாஷை பேசினால் சபை. எங்கள் ஊர்க் கணக்கில் நாலாவதாக ஒன்று கிடையாது.

யார் எங்கே போனாலும் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். கேக்கும் பிரியாணியும் சுண்டலும் வீடு மாறி வீடு போகும். ஆனால் எங்கள் வீட்டு விஷயம் வேறு. பங்குனித் திருவிழாவில் மாரியம்மன் கரகத்தைத் தூக்குகிறவர் என் வீட்டுக்காரர். ஆற்றங்கரையில் சாமியைக் கரகத்தில் இறக்கி, அதைத் தலையில் வைத்து, கையால் தொடாமல் மூன்று கிலோமீட்டர் மேடேறிக் கோயிலுக்குக் கொண்டுவருவார். பதினோரு வருஷமாக அவர்தான். ஃபாக்டரியில் அவர் சாதாரண அடுப்புக்காரர். மேஸ்திரி முதல் கணக்கப்பிள்ளை வரை எல்லோரும் அவரை ஏவலாம். பங்குனியில் அந்த ஒரு நாள் மட்டும் எல்லோரும் வழிவிட்டு நிற்பார்கள். அவர் வருஷம் பூராவும் அந்த ஒரு நாளுக்காகத்தான் விறகு தள்ளுகிறார் என்று எனக்குத் தெரியும். வேதத்துக்குப் போன வீட்டுக்குக் கரகம் கிடையாது என்பது கோயில் வழக்கம்.

இதற்கு நடுவில் சபைப் பாஸ்டரே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் பிஸ்கட் பாக்கெட். "சிஸ்டர், ஆண்டவர் உங்களோட பேசினாராமே?" என்றார். நல்ல மனுஷன், முகத்தில் அத்தனை சந்தோஷம். நான் டீ போட்டுக் கொடுத்து, "ஐயா, நான் கும்பிடுறது வேற சாமி" என்றேன். "எந்தச் சாமி?" என்றார். அடுப்பைக் காட்டினேன். அவர் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீயை மடமடவென்று குடித்தார். "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் என் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டதை லயமே பார்த்தது. அவ்வளவு போதாதா?

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டார். "ஃபாக்டரியில ஒரு மாதிரியா பேசிக்கிறாக. நீ சபைக்குப் போறியாமுல்ல?"

"போகல."

"பாஸ்டர் வந்துட்டுப் போனாராம்."

"அவரா வந்தாரு. டீ குடிச்சாரு, போயிட்டாரு."

"அப்ப வெள்ளன கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறது எதுக்கு?"

ஐந்து மாதமாக வாய்க்குள் வைத்திருந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். புத்தகம், போன், பார்லி, விழுங்கின அப்பன், எல்லாம். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "அடுப்பையா கும்பிடுற?" என்றார்.

"அடுப்புல இருக்கிறவளை."

"நான் எட்டு மணி நேரம் அடுப்பு முன்னாடிதான நிக்கிறேன். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலயே அவ."

"நீங்க பேர் சொல்லிக் கூப்பிடலயே."

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சாமி தூக்குகிறவர் கேட்கிற கேள்வியாகவே கேட்டார். "கவிச்சி கேப்பாளா?"

"மாட்டா. நெய், பால், தேன். முதல்ல ஒரு வாய், கடைசில ஒரு வாய்."

"மாரியாத்தாவை விட்டுட்டியா?"

"எதுக்கு விடணும்? நான் யாரையும் விடல. கூட ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டேன், அவ்வளவுதான்."

அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள செரி. கோயில் கமிட்டிக்குச் சொன்னா விளங்காது. காப்புக் கட்டுறதுக்கு முன்னாடி உன்னயச் சூடம் அணைக்கச் சொல்லுவாக. சபைக்குப் போகலைன்னு சொல்லி அணைச்சிரு. பொய் இல்லைல்ல?"

"பொய் இல்ல."

"அப்ப முடிஞ்சுது" என்று படுக்கப் போனார்.

சூடம் அணைப்பது எங்கள் பக்கத்துச் சத்தியம். அம்மன் முன்னால் சூடத்தைக் கொளுத்தி வைப்பார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் ஒரே அடியில் தீயை அணைக்க வேண்டும். பொய் சொல்லி அணைத்தவன் குடும்பம் விளங்காது என்பது நம்பிக்கை. கோழி திருட்டுப் போனாலும் இதுதான், வரப்புத் தகராறானாலும் இதுதான். நானே ஒரு தடவை அணைத்திருக்கிறேன், சீட்டுப் பிடிக்கிறவளோடு நடந்த சண்டையில். பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. கையைக் கழுவுகிற மாதிரிதான் நினைத்துக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுது. கோயில் வாசலில் கமிட்டி ஆட்கள் ஐந்தாறு பேர், லயத்துப் பெண்கள் ஒரு கூட்டம். என் வீட்டுக்காரர் தூணோரமாக நின்றார். கமிட்டித் தலைவர் வயசானவர், மரியாதையாகத்தான் பேசினார். "தப்பா நினைக்காதம்மா. நாலு பேரு வாயை அடைக்கணும்" என்று சொல்லிச் சூடத்தைக் கல்லின் மேல் வைத்துக் கொளுத்தினார்.

"நான் எந்தச் சபையிலயும் சேரல. மாரியாத்தா மேல சத்தியம்" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. கையை ஓங்கினேன்.

சூடத்தின் மேல் தீ கட்டைவிரல் உயரத்துக்கு நின்றது. எல்லோர் வேட்டியும் சேலையும் காற்றில் படபடத்துக்கொண்டிருக்க, அது மட்டும் அசையவில்லை. வாசல் சுவர் காற்றை மறைத்திருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் நான் ஐந்து மாதமாகத் தினமும் முதல் வாய் கொடுத்தவள் அவள். என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளை அடிக்க நான் கை ஓங்கியிருக்கிறேன். நிமிர்ந்தால் உள்ளே இருட்டில் மாரியாத்தாவின் வெள்ளிக் கண்மலர். அதிலும் அதே தீ, இரண்டு புள்ளியாக எரிந்தது. அவர்கள் இரண்டு பேரும் வெகு காலமாக ஒருத்தரை ஒருத்தர் அறிந்தவர்கள், நான்தான் நேற்று வந்தவள் என்று தோன்றியது. அப்படி ஒரு பயமும் அப்படி ஒரு சந்தோஷமும் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. கை இறங்கவே இல்லை.

"அணைம்மா" என்றார் தலைவர்.

அணைக்க முடியவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு தொடங்கியது. "மனசுல ஏதோ இருக்கு, அதான் கை வரல" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். என்னால் என் வீட்டுக்காரரின் கரகம் போகிறது என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒரே ஒரு அடி. கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணை மூடினாலும் அவள் தெரிந்தாள்.

அவர் தூணை விட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். கரகம் தலையில் ஏறுகிற சமயத்தில் அவர் முகம் எப்படியிருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். என் முகத்தில் எதைக் கண்டாரோ தெரியாது. ஓங்கியபடி நின்ற என் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார்.

"அவ அணைக்க மாட்டா" என்றார் தலைவரிடம்.

"அப்ப நாங்க என்னன்னு எடுத்துக்கிறது?"

"அவ சபைக்குப் போகல. அது எனக்குத் தெரியும். ஆனா சூடத்தை அணைக்க மாட்டா. அணைக்காம நீங்க எனக்குக் கரகம் தர முடியாது, அதுவும் தெரியும். இந்த வருஷம் என் தம்பி எடுக்கட்டும்."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சூடம் தானாக எரிந்து அடங்கியது. கல்லில் ஒரு கரிவட்டம் மட்டும் இருந்தது.

தேயிலைக்கு நடுவில் குறுக்குப் பாதையில் வீட்டுக்கு நடந்தோம். அவர் திட்டினால் தேவலாம் போலிருந்தது. "திரும்பப் போவோம். அணைச்சிருதேன்" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

"பயந்துட்டியா?"

"பயமில்ல. அது... ஆளா நின்னுச்சு."

கொஞ்ச தூரம் போனதும், "ஆளை எப்படி அடிக்கிறது?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நான்தான் அடுப்படியில் உட்கார்ந்து, உனக்கு முதல் பங்கு கொடுத்ததற்கு இந்த மனுஷனின் பங்கைப் பிடுங்கிக்கொண்டாயே என்று அவளோடு சண்டை போட்டேன். மறுநாளும் முதல் வாயை அவளுக்குத்தான் வைத்தேன். வைக்காமல் இருக்க முடியவில்லை.

கீழ் டிவிஷனில் தனியாக இருக்கிற என் கொழுந்தனுக்குக் காப்புக் கட்டினார்கள். இவரும் பதினைந்து நாளும் விரதம் இருந்தார். கரகம் இல்லாதவர் எதற்குப் பட்டினி கிடக்கிறார் என்று மதினி கேட்டாள். அவரிடமே கேளுங்கள் என்றேன். அவள் கேட்கவில்லை.

திருவிழா அன்று சாயங்காலம், ரோடு வளைகிற இடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நாங்கள் நின்றோம். பதினோரு வருஷமாக அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினவர்கள் இன்று அவரை இடித்துக்கொண்டு நின்றார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்தேன். கீழேயிருந்து முதலில் உறுமிச் சத்தம் வந்தது. பிறகு பெண்களின் குலவை. பிறகு வளைவில் கரகம் ஏறி வந்தது. வெள்ளையும் சிவப்புமாக ஒரு ஆள் உயரப் பூ, அடியில் வேப்பிலை, நடுவில் மஞ்சள் பூசின அம்மன் முகம். மேற்கு வெயில் முழுக்க அந்த முகத்தில்தான் இருந்தது. அவள் ஆடி ஆடி, யாருக்கும் அவசரப்படாமல், நேராக எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள்.

என் தோளை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். அவர்தான்.

"ஆத்துல கண்ணைக் கட்டித்தான் தலையில ஏத்துவாக" என்றார். "கோயில்ல இறக்கையில எனக்கு நெனவு இருக்காது. போட்டோவுல பாத்திருக்கேன். இது..." கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "பதினோரு வருஷம் என் தலைமேல இருந்தா. இன்னிக்குத்தான் எதுக்க வாரா."

கரகம் எங்கள் முன்னால் வந்து நின்றது. மதினி மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு முன்னால் போனாள். அவர் அவள் கையிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷம் தன் காலில் ஊர் தண்ணீர் ஊற்ற நின்றவர், ரோட்டில் மண்டி போட்டு, தம்பியின் காலில் குடத்தைச் சாய்த்தார்.